வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் கிருமி: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். மருத்துவர் இல்லை. ஆனாலும் கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுப்பவன் என்று தெரிந்ததும் மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், தெருவில் இருப்பவர்கள் என்று எல்லோரும் அல்சரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். கேஸ் மாத்திரையை வாங்கிப் போட்டே பத்து வருஷத்தைத் தள்ளுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். எந்தக் கிருமி, அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் சரியான பரிசோதனைக்கும் முழுமையான மருந்துக்கும் போவார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

அல்சர் காரத்தாலும் காபியாலும் வருவதில்லையா? வேளாவேளைக்குச் சாப்பிடாததால்தானே வருகிறது?

இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் வரும் புண்களுக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. இன்னொன்று, வலி மாத்திரைகள். காரம், புளிப்பு, டிகிரி காபி, பட்டினி இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கிற புண்ணில் எரிச்சலைக் கிளப்பும். புதிதாக ஒரு புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இவற்றின் வேலையில்லை. மிளகாயை அடியோடு நிறுத்திவிட்டுத் தயிர்சாதமே சாப்பிட்டும் புண் ஆறவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

இது எப்போது தெரிய வந்தது?

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்றுதான் 1980 வரை மருத்துவப் பாடமே சொன்னது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரன், அழற்சி கண்ட இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்கள் இருப்பதை 1979ல் கவனித்தார். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். இரண்டே நாளில் தட்டுகளைத் தூக்கி எறிவது ஆய்வகத்தின் வழக்கம் என்பதால், கிருமியை வளர்க்கும் முயற்சி திரும்பத் திரும்பத் தோற்றது. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் சில நாள் கூடுதலாக இன்குபேட்டரிலேயே கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் கிருமி அது.

அப்புறமும் யாரும் நம்பவில்லை. 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. எடுத்த திசுவில் கிருமியும் இருந்தது. 2005ல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவ்வளவு அமிலத்தில் அது எப்படி உயிரோடு இருக்கிறது?

யூரியேஸ் என்ற நொதியால். இந்தக் கிருமியின் ஆயுதங்களில் முதலாவது இது. மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நம் இரைப்பைச் சாற்றில் கொஞ்சம் யூரியா எப்போதும் இருக்கும். வெளியே அமிலம் ஏறியதும் கிருமியின் உட்சவ்வில் இருக்கும் ஒரு வாயில் திறந்து யூரியாவை உள்ளே விடுகிறது. யூரியேஸ் அதை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அம்மோனியா காரத்தன்மை உள்ளது. கிருமியைச் சுற்றியிருக்கும் அமிலத்தை அது முறித்துவிடுகிறது. வெளியே அமிலம் குறைந்ததும் வாயில் மூடிக்கொள்கிறது. இல்லையென்றால் தன் அம்மோனியாவாலேயே கிருமி செத்துவிடும். அதன் மொத்தப் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் இந்த ஒரு நொதிதான். இது வேலை செய்ய நிக்கல் உலோகம் வேண்டும் என்பதால், நிக்கலைத் தேடிச் சேர்த்து வைப்பதற்கென்றே தனிப் புரதங்களையும் வைத்திருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். எண்டோஸ்கோபி செய்யும்போது இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து அரிசிக் குருணை அளவுக்குச் சதை எடுத்து, யூரியா கலந்த மஞ்சள் நிற ஜெல்லில் அழுத்தி வைப்பார்கள். கிருமி நிறைய இருந்தால் சில நிமிடத்திலேயே அந்தத் துணுக்கைச் சுற்றி ஒரு இளஞ்சிவப்பு வளையம் தோன்றும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்து ஜெல் முழுவதையும் ரோஜா நிறமாக்கிவிடும். அம்மோனியா வெளிவந்து அமிலத்தன்மை மாறியதைத்தான் அந்த நிறம் காட்டுகிறது. யூரியேஸ் பரிசோதனை என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பது இதுதான்.

யூரியேஸால் இன்னொரு லாபமும் உண்டு. இரைப்பைச் சுவரின் மேல் இருக்கும் சளிப்படலம் அமிலத்தில் கெட்டியாக இருக்கும். அமிலம் முறிந்த இடத்தில் இளகிவிடும். குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்சியதும் காய்ந்து இறுகிய வயல் சேறாகிக் கால் இறங்குகிற மாதிரிதான். இளகிய இடத்தில், சுருள் உடலும் ஒரு முனையில் வால் போன்ற நாலைந்து கசையிழைகளும் உள்ள இந்தக் கிருமி நீந்தி உள்ளே போய்விடுகிறது. சுவரை ஒட்டிய ஆழத்தில் அமிலம் ஏறக்குறைய இல்லை. அங்கேதான் அது வருஷக்கணக்கில் தங்குகிறது.

சாப்பாடும் தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கிற இடத்தில் அடித்துக்கொண்டு போகாதா?

போகாது. பாப்-ஏ என்ற ஒட்டுப்புரதம் இரைப்பைச் செல்களின் மேல் இருக்கும் லூயிஸ்-பி என்ற சர்க்கரை அமைப்பைப் பிடித்துக்கொள்கிறது. இது இரத்தப் பிரிவோடு தொடர்புள்ள சர்க்கரை. ஓ பிரிவு இரத்தம் உள்ளவர்களுக்கு முன்சிறுகுடல் புண் சற்று அதிகம் என்று 1950களிலேயே கவனித்திருந்தார்கள். அதற்கு இது ஒரு விளக்கம். ஓ பிரிவுக்காரர்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

அழற்சி தொடங்கிய பிறகு செல்களின் மேல் சியாலிக் அமிலம் சேர்ந்த வேறொரு சர்க்கரை கூடுகிறது. அதைப் பிடிக்க சாப்-ஏ என்று தனியாக ஒரு புரதம். அதாவது தான் உண்டாக்கிய அழற்சியையே இன்னும் உறுதியாக ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்திக்கொள்கிறது. இந்தக் கிருமியைப் பற்றிப் படித்ததில் என்னை அதிகம் வியக்க வைத்தது இந்த இடம்தான்.

காக்-ஏ என்று அடிக்கடி படிக்கிறோம். அது என்ன?

ஹெலிகோபாக்டர் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றின் மரபணுத் தொகுப்பில் சுமார் 40,000 எழுத்து நீளத்துக்கு ஒரு கூடுதல் பகுதி இருக்கும். முப்பது மரபணுக்கள் வரை அதில் உண்டு. காக் தீவு என்பது அதற்குப் பெயர். வேறெங்கோ இருந்து வந்து இதன் மரபணுவில் சேர்ந்த பகுதி அது.

அந்த மரபணுக்களில் பல சேர்ந்து ஒரு நுண்குழாயைக் கட்டுகின்றன. கிருமியிலிருந்து நேராக நம் செல்லுக்குள் செலுத்துகிற குழாய். அதன் வழியாக உள்ளே போகும் புரதம்தான் காக்-ஏ. உள்ளே போனதும் நம் செல்லின் சொந்த நொதிகளே அதன் மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிடுகின்றன. உடனே அது செல்லின் வளர்ச்சிக் கட்டளைகளில் தலையிடத் தொடங்குகிறது. ஒன்றோடொன்று நெருக்கமாக நின்ற செல்கள் பிடியை விட்டு, வடிவம் மாறி, நீண்டு போகின்றன. இரண்டாகப் பிரிந்து பெருக வேண்டாத நேரத்தில் பெருகுகின்றன. அதே குழாய் வழியாகக் கிருமியின் சுவர்த் துண்டுகளும் கசிந்து உள்ளே போக, செல் அபாயமணி அடிக்கிறது. இன்டர்லூக்கின்-8 என்ற சமிக்ஞை வெளியே போய் வெள்ளணுக்களைக் கூட்டி வருகிறது.

காக்-ஏ உள்ள வகைகளோடு கடுமையான அழற்சி, புண், புற்றுநோய் மூன்றுமே அதிகம் சேர்ந்து வருகின்றன. அதிலும் ஜப்பான், கொரியா, கிழக்குச் சீனப் பகுதிகளில் உள்ள காக்-ஏ நம் செல்லின் ஒரு முக்கியப் புரதத்தை மிக இறுக்கமாகப் பிடிக்கும் வடிவம் கொண்டது. இந்தியாவில் பெரும்பாலும் மேற்கத்திய வடிவம்தான். அதன் பிடி சற்றுத் தளர்வானது.

வாக்-ஏ?

கிருமி வெளியே சுரக்கும் நஞ்சு. இரைப்பைச் செல்லுக்குள் பெரிய பெரிய குமிழிகளை உண்டாக்கும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும், போதாததற்கு டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் பெருகுவதையும் தடுக்கும். இதற்கான மரபணு ஏறக்குறைய எல்லாக் கிருமியிலும் உண்டு. ஆனால் வீரியம் ஒன்றல்ல. எஸ்-1, எம்-1 வடிவம் கடுமையானது. எஸ்-2, எம்-2 வடிவத்தால் பெரிய சேதம் இல்லை.

நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி ஏன் அதை விரட்டுவதில்லை?

விரட்டத்தான் பார்க்கிறது. முடிவதில்லை. அந்த முயற்சியில்தான் சுவர் புண்ணாகிறது.

பல கிருமிகளின் கசையிழையை நம் செல்கள் பார்த்த உடனே அடையாளம் கண்டுவிடும். இதன் கசையிழைப் புரதம் கொஞ்சம் மாறியிருப்பதால் அந்தக் கண்காணிப்பில் சிக்குவதில்லை. வெளிச்சுவரின் கொழுப்புச் சர்க்கரையும் மற்றக் கிருமிகளுடையதைப் போல அவ்வளவு கடுமையாக நம்மைத் தூண்டாது. போதாததற்கு நம் லூயிஸ் சர்க்கரைகளையே போர்த்திக்கொண்டிருக்கும். வெள்ளணுக்கள் வந்து சூழ்ந்து, அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை வீசினாலும் கேட்டலேஸ் போன்ற நொதிகளால் அதைச் சமாளிக்கிறது. கிருமி சளிப்படலத்துக்குள் பத்திரமாக இருக்கும். வீசியதெல்லாம் நம் செல்கள் மேல் விழும்.

எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் கிருமி இருக்கிறது. அண்ணனுக்கு மட்டும் அல்சர். ஏன்?

நல்ல கேள்வி. இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி இருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் புண் வருவது பத்துப் பதினைந்து சதவீதம் பேருக்குத்தான். ஆனால் கிருமி உள்ள எல்லோருக்குமே சுவரில் ஏதோ ஓர் அளவுக்கு அழற்சி இருக்கும். பலருக்கு அது தெரிவதில்லை.

கிருமியின் வகை ஒரு காரணம். ஆனால் நம் நாட்டில் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்தியாவில் புண் உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் எடுத்த கிருமிகளில் பெரும்பாலானவை காக்-ஏ உள்ளவைதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மேற்கத்திய நாடுகளில் செல்லுபடியாகும் கணக்கு இங்கே அப்படியே பொருந்தவில்லை. மிச்சத்தை நாம்தான் கொண்டுவருகிறோம்: அழற்சியைக் கூட்டும் மரபணு, பீடி சிகரெட், வலி மாத்திரை.

இன்னொன்று, இரைப்பையில் எந்த இடத்தில் அழற்சி என்பது. கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்தால் அமிலத்தை அடக்கி வைக்கும் சோமடோஸ்டாட்டின் குறைந்து, அமிலத்தைத் தூண்டும் கேஸ்ட்ரின் ஏறி, அமிலம் கூடுதலாகச் சுரக்கும். அது முன்சிறுகுடலில் இறங்கிப் புண்ணாக்கும். மேல்பகுதி முழுவதும் பரவினால் அமிலம் சுரக்கும் செல்களே அழிந்து அமிலம் குறையும். இப்படிப்பட்டவர்களுக்கு இரைப்பைப் புண்ணும், பல வருஷம் கழித்துப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு அதிகம். ஒரே கிருமிதான், இடத்தைப் பொறுத்து நோய் நேர்மாறாகத் திரும்புகிறது. உங்கள் அண்ணனுக்குப் புண் எங்கே என்று எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் பாருங்கள்.

நடவு, களை வேலைக்குப் போகிறவர்களுக்கு அதிகம் வருகிறதே?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சம்பா நடவு நேரத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் பெண்களுக்குச் சாயங்காலம் இடுப்பை நிமிர்த்த முடிவதில்லை. மெடிக்கலில் போய் ஒரு செட் மாத்திரை வாங்குகிறார்கள். சின்னக் காகிதக் கவரில் பெயர் தெரியாத நாலைந்து மாத்திரை. மறுநாளைக்கும் சேர்த்து வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார்கள். அதில் ஒன்று பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரை. சில செட்டில் ஸ்டீராய்டும் இருக்கும்.

வலி மாத்திரை, இரைப்பைச் சுவரைக் காக்கும் சளியையும் பைகார்பனேட்டையும் சுரக்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துவிடுகிறது. அதே சுவரைக் கிருமியும் அரித்துக்கொண்டிருந்தால் ஆபத்து ஒன்றோடு ஒன்று கூடுவதோடு நிற்காது, பல மடங்காகப் பெருகும். ஸ்டீராய்டு சேர்ந்தால் இன்னும் மோசம். முன்கூட்டி எந்த வலியும் இல்லாமல் நேராக இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடவும் செய்யும். அந்தக் கவரை வாங்குகிறவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. மறுநாள் கூலிக்குப் போயாக வேண்டும். மாத்திரையின் பெயரைக் கேளுங்கள், அட்டையோடு வாங்குங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அடிக்கடி வலி மாத்திரை போட்டே ஆகவேண்டிய நிலை என்றால் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

பழைய சோறு, மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டால் சரியாகுமா?

இரண்டும் நல்ல சாப்பாடு. எரிச்சல் தணிந்த மாதிரி இருக்கும். கிருமி போகாது.

இது எப்படிப் பரவுகிறது?

பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே. அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு, மூத்த பிள்ளையிடமிருந்து சின்னதுக்கு. எச்சில், வாந்தி, மலம் மூன்று வழியும் சாத்தியம். சோற்றை மென்று குழந்தைக்கு ஊட்டும் பழக்கத்தைப் பாட்டிமார்கள் விட்டுவிட வேண்டும். பல நாடுகளில் குடிநீரிலும் இதன் மரபணுத் தடயம் கிடைத்திருப்பதால், ஆற்றுத் தண்ணீர், கைப்பம்புத் தண்ணீர் எதுவானாலும் காய்ச்சிக் குடிப்பது எல்லா வகையிலும் நல்லது.

சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பரவியபோதே இதுவும் கூட வந்திருக்கிறது. ஆகையால் யாருக்காவது கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் சுத்தமில்லாதவர் என்று பார்க்க வேண்டாம்.

எந்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்? காக்-ஏ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமா?

காக்-ஏ பார்க்க வேண்டாம். எந்த வகைக் கிருமியானாலும் சிகிச்சை ஒன்றுதான்; அது ஆராய்ச்சிக்கு உதவும் விவரம்.

இப்போது கிருமி உள்ளதா என்று அறிய மூச்சுப் பரிசோதனை, மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதத் துணுக்கு) பரிசோதனை, எண்டோஸ்கோபியில் எடுக்கும் திசு, இந்த மூன்றும் நம்பகமானவை. மூச்சுப் பரிசோதனையும் யூரியேஸை நம்பித்தான் நடக்கிறது: அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, அது மூச்சில் கரியமில வாயுவாக வருகிறதா என்று பார்ப்பார்கள். இரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கும் புரதம்) பார்ப்பது பழைய தொற்றையும் காட்டிவிடும். அதை மட்டும் வைத்து மருந்து எடுக்காதீர்கள்.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரியான கேஸ் மாத்திரைகளை இரண்டு வாரமும் ஆன்டிபயாட்டிக்கை நாலு வாரமும் நிறுத்திய பிறகே பரிசோதனை எடுக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

தார் போன்ற கரிய மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்குவதில் சிரமம், இரத்தசோகை, இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப் போடாமல் எண்டோஸ்கோபிக்குப் போய்விட வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுப்பாகப் போகும்; அதைச் சாப்பிடுகிறவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து சாப்பிட்டும் போகவில்லை என்கிறார்களே?

கிளாரித்ரோமைசின் என்ற மருந்து கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஒட்ட வேண்டும். அதற்கான மரபணுவில் ஓரெழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. மெட்ரோனிடசோலைக் கிருமிக்குள் இருக்கும் ஒரு நொதிதான் செயல்பட வைக்கிறது. அந்த நொதி கெட்டுவிட்டால் மருந்து சும்மா கிடக்கும். பேதிக்கும் பல்வலிக்கும் மெட்ரோனிடசோலை இஷ்டத்துக்குப் போட்டுப் போட்டு நம் நாட்டில் எதிர்ப்பு மிக அதிகமாகிவிட்டது. அதனால் அமிலத்தைக் குறைக்கும் மருந்து, பிஸ்மத், இரண்டு ஆன்டிபயாட்டிக் என்று நாலு மருந்தைப் பதினாலு நாள் கொடுக்கும் முறையை இப்போது பல வழிகாட்டுதல்களும் முன்வைக்கின்றன. வாய் கசக்கும், பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுக்கும்; பயப்பட வேண்டாம். மது கூடாது. ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் மிஞ்சுவது மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான். முடித்து நாலு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்து, போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நம் பக்கம் பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியை.

புற்றுநோய் வரும் என்கிறார்களே?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே இதை முதல் வகைப் புற்றுக்காரணியாக அறிவித்தது. கிருமி உள்ளவர்களில் இரைப்பைப் புற்றுநோய் வருவது நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை. கிருமி இவ்வளவு பரவியிருந்தும் இந்தியாவில் மொத்தத்தில் இந்தப் புற்றுநோய் குறைவுதான். ஆனால் நாட்டுக்குள்ளேயே மிசோரமில் மிக அதிகம்; டெல்லி, மும்பையைவிடச் சென்னையிலும் கூடுதல். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அலட்சியமாக இருக்க முடியாது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உப்பில் பதப்படுத்திய உணவை அதிகம் சாப்பிடுவதோடு இரைப்பைப் புற்றுநோய் தொடர்புபட்டிருக்கிறது. உப்பு மிகுந்தால் சில வகைக் கிருமிகள் காக்-ஏவை அதிகம் தயாரிப்பதும் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. கருவாட்டை விட வேண்டாம்; தினமும் வேண்டாம், உப்புப் போக அலசிச் சமையுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் கிருமிப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

ஒரு தடவை ஒழித்தால் திரும்ப வருமா? தடுப்பூசி இருக்கிறதா?

வளர்ந்த நாடுகளில் பெரியவர்களுக்குத் திரும்ப வருவது ஆண்டுக்கு நூறில் ஓரிருவருக்குத்தான். நெருக்கமான வீடுகளும் சுகாதாரக் குறைவும் உள்ள இடங்களில் இதைவிட அதிகம். முதல் வருஷத்துக்குள்ளேயே திரும்பினால் அது பெரும்பாலும் முழுதாக ஒழியாத பழைய கிருமிதான்.

தடுப்பு மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. சீனாவில் 6 முதல் 15 வயதுக் குழந்தைகள் 4,464 பேரிடம் வாய்வழி மருந்து ஒன்றைச் சோதித்தார்கள். 2015ல் வெளியான முடிவின்படி முதல் ஆண்டில் அதன் பலன் ஏறக்குறைய 72 சதவீதம். அதில் எதிர்ப்பைத் தூண்டச் சேர்த்திருந்தது யூரியேஸின் ஒரு பகுதியைத்தான்.